நான்கு வரி அறிவிப்பும் ஒட்டுப் போட்ட சட்டியும்

1959ஆம் ஆண்டு, ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்று. இடம்: குற்றாலம், ஐந்தருவிச் சாலையில் இடப்புறம் உள்ள ஓட்டு வீடு.

காலை ஏழு மணி இருபது நிமிடம்: சுகாதார அதிகாரியும் சானிட்டரி இன்ஸ்பெக்டரும் வீட்டிற்குள் சென்றனர். பலகாரம் பொரிக்கும் இரும்புச் சட்டி சோதிக்கப்பட்டது. சுத்தமாக இருப்பதாகக் குறிப்பேட்டில் பதியப்பட்டது.

ஏழு மணி முப்பது நிமிடம்: இருவரும் அடுத்த வீட்டிற்குச் சென்றனர்.

ஏழு மணி ஐம்பது நிமிடம்: முதல் வீட்டில் அடுப்பிலிருந்த சட்டியின் எண்ணெய் வெடித்துச் சிதறியது. இசக்கியம்மாள், வயது முப்பத்தாறு, வலது கையிலும் கழுத்திலும் முகத்தின் வலப்பாதியிலும் தீப்புண் அடைந்தார்.

எட்டு மணி முப்பது நிமிடம்: வாழையிலையில் கிடத்தப்பட்டு, குதிரை வண்டியில் தென்காசி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

மறுநாள்: விபத்து குறித்த அறிக்கை அளிக்கப்பட்டது. காரணம் என்ற கட்டத்தில் 'தொழில் செய்தவரின் கவனக்குறைவு' என்று எழுதப்பட்டது.

அந்தச் சானிட்டரி இன்ஸ்பெக்டர் நான். அறிக்கையை எழுதியதும் நான். மேற்கண்டவற்றுள் கடைசிக் கட்டத்தில் எழுதப்பட்டது ஒன்று நீங்கலாக மற்றவை உண்மை.

என் பணிக்காலத்தைப் பற்றி எழுதுமாறு துறையின் இளைய நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். மின்சாரத்தில் இயங்கும் பொரிப்பான்கள் இப்போது வீடுகளுக்குள் வரத் தொடங்கியிருப்பதால், அவற்றைக் கழுவிப் பேணும் முறை பற்றி அவர்கள் ஒரு கையேடு தயாரிக்கிறார்கள். அதற்கு முன்னுரை போல, அந்த நாளில் வீட்டு எண்ணெய்ச்சட்டிகளை நாங்கள் எவ்வாறு கண்காணித்தோம் என்று நான் சொல்ல வேண்டுமாம். அவர்கள் எதிர்பார்ப்பது சில பழைய வேடிக்கைகளாக இருக்கலாம். என்னிடம் இருப்பது இதுதான்.

வேதியியலில் பட்டம் பெற்றேன். அதன்பின் ஓராண்டு சென்னையில் சுகாதாரப் பயிற்சி. கிணற்றுக்கு மருந்து போடுவது, பால்மானியைப் படிப்பது, நோட்டீஸ் எழுதுவது ஆகியவற்றைக் கற்றுக்கொண்டு 1956இல் தென்காசிக்கு வந்து சேர்ந்தேன். அடுப்படிக்குள் நுழைவது எப்படி என்று பயிற்சியில் எவரும் சொல்லித் தரவில்லை.

சாரல் காலம் வந்துவிட்டால் எங்கள் வேலை முழுவதும் குற்றாலத்திற்கு மாறிவிடும். அருவியில் குளித்துக் கரையேறுபவர்களுக்கு உடனே பசிக்கும். சூடான எதுவாயினும் வேண்டும். அருவிச் சாலையோரம் இருந்த வீடுகள் பலவற்றில் பெண்கள் தங்கள் அடுப்படியிலேயே ஆமவடையும் வாழைக்காய் பஜ்ஜியும் நேந்திரங்காய் உப்பேரியும் பொரித்து வாசலில் விற்றார்கள். உரிமம் என்று ஒன்று கிடையாது. எங்கள் அலுவலகம் தரும் அனுமதிச் சீட்டு மட்டுமே. மூன்று மாதம் பொரித்து ஒன்பது மாதம் சாப்பிட்ட குடும்பங்கள் அவை.

1958ஆம் ஆண்டுச் சாரலில் குளிக்க வந்தவர்கள் பலர் வாந்தியும் பேதியுமாகப் படுத்தார்கள். நாங்கள் வீடு வீடாகச் சென்று பார்த்தபோது காரணம் சட்டிகளிலேயே இருந்தது. ஒரே எண்ணெய் நாள்கணக்கில் காய்ந்திருந்தது. அடியில் மாவும் பருப்பும் கருகிச் சேறுபோல மண்டி படிந்திருந்தது. அதன்மேலேயே புதிய எண்ணெய் ஊற்றப்பட்டது. கெட்ட எண்ணெயை அறிய மூன்று அடையாளங்களை என் மேலதிகாரி எனக்குக் காட்டினார். பொரிக்கும்போது நுரை அடங்காது. ஆறியபின் விரலிடுக்கில் தேய்த்தால் பசைபோல் ஒட்டும். வெள்ளைத் தாளில் சொட்டு விட்டால் நடுவில் கறுப்பு வட்டம் நிற்கும்.

சுகாதார அதிகாரியான அவரை டாக்டர் என்றே அழைத்து வந்தோம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வெள்ளைக் காற்சட்டை, சாரலிலும் நனையாதபடி கக்கத்தில் இடுக்கிய கறுப்புக் குடை, சட்டைப்பையில் ஆறு வெள்ளைக் கைக்குட்டைகள். ஒவ்வொன்றும் நான்காக மடிக்கப்பட்டிருக்கும். ஒரு மடிப்பிற்கு ஒரு சட்டி. அடுப்பங்கரையில் குனிந்து, ஆள்காட்டி விரலில் கைக்குட்டையைச் சுற்றிச் சட்டியின் உட்புறத்தில் ஒரு கோடு இழுப்பார். துணியில் கறுப்புப் பட்டால் என்னைப் பார்த்து "எழுதுங்கள்" என்பார்; நான் நோட்டீஸ் எழுதுவேன். பட்டிராவிட்டால் அந்தப் பெண்ணைப் பார்த்து "நன்றி அம்மா" என்பார். வேறு சொல் கிடையாது. அடுப்படியில் நின்று ஒரு பெண்ணுக்கு நன்றி சொன்ன அதிகாரியை அங்கே எவரும் அதற்குமுன் பார்த்ததில்லை. அவருக்கு அவர்கள் அஞ்சினார்கள், அவரை மதித்தார்கள், எங்கள் தலை மறைந்ததும் சிரிக்கவும் செய்தார்கள்.

1959ஆம் ஆண்டுச் சாரலுக்கு முன்பே ஓர் அறிவிப்பு அட்டை அச்சிட்டு வீடுதோறும் தொங்கவிடவேண்டும் என்றார் டாக்டர். வாசகத்தை நான் எழுதினேன். ஐந்து வரி வந்தது. அவர் படித்துவிட்டு, "ஐந்தாவது வரியை எவரும் படிப்பதில்லை. நான்கில் அடக்குங்கள்" என்றார். எதை நீக்குவது என்று அவர் சொல்லவில்லை. நீக்கியவன் நான்.

அட்டையில் நின்ற வரிகள் இவை: எண்ணெயை நாள்தோறும் வடிகட்டி மண்டியைக் கொட்டிவிட வேண்டும். சட்டியைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் தேய்த்துக் கரி முழுவதையும் அகற்ற வேண்டும். உலர்ந்த துணியால் துடைத்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். மறுநாள் எண்ணெய் ஊற்றுமுன் சட்டியைச் சோதனைக்குக் காட்ட வேண்டும்.

நான் நீக்கிய வரி, எண்ணெய் ஊற்றுமுன் வெறுஞ்சட்டியை அடுப்பிலேற்றி ஈரம் முற்றிலும் போகும்வரை காய்ச்ச வேண்டும் என்பது. அடுப்படியில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பு தவறன்று; அவர்கள் அனைவருக்கும் அது தெரிந்தே இருந்தது. தவறு வேறிடத்தில் இருந்தது.

அட்டையைத் தொங்கவிட இசக்கியம்மாள் வீட்டிற்குச் சென்ற நாள் நினைவிருக்கிறது. கணவரை இழந்தவர். கணவரின் தங்கை வேலம்மாளும் அவருமாக அந்த வீட்டில் இருந்தார்கள். வேலம்மாள் மாவு அரைப்பார், காய் சீவுவார். சட்டிப் பொறுப்பு இசக்கியம்மாளுடையது. எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று மாவைக் கிள்ளிப் போட்டுப் பார்க்கமாட்டார். சட்டியின் மேல் உள்ளங்கையைக் காட்டிச் சொல்லிவிடுவார். அவர் வீட்டு எண்ணெயில் நாங்கள் ஒருமுறையும் குற்றம் கண்டதில்லை. மாலையில் எண்ணெய் வெதுவெதுப்பாக இறங்கியதும் பழைய வேட்டித் துணியில் இருமுறை வடித்து, மண்டியை வாழைக்கு அடியில் புதைத்துவிடுவார். சட்டிக்கு மட்டும் தண்ணீர் காட்டுவதில்லை. தேங்காய் நாரால் வழித்து, துணியால் துடைத்து, தணல் அவிந்த அடுப்பின்மேல் கவிழ்த்து வைப்பார்.

அட்டையின் இரண்டாம் வரியை நான் படித்துக் காட்டியதும் அவர் சட்டியை எடுத்து என் முன் சாய்த்தார்.

"சார், இதுல ஒட்டுப் போட்டிருக்கு, பாருங்க. அடி தேஞ்சு போச்சுன்னு கொல்லன் பட்டறையில குடுத்து உள்பக்கம் தகடு வச்சு நாலு ஆணி அடிச்சிருக்கேன். தகட்டுக்கும் சட்டிக்கும் நடுவுல இருக்கது அழுக்கு இல்ல சார். அதுதான் அதுக்கு அரக்கு. அதக் கரைச்சு எடுத்துட்டா இந்தச் சட்டி ஆகாது."

"ஒழுகுமா?" என்று கேட்டேன்.

"ஒழுகாது. தண்ணி குடிச்சுக்கிடும். குடிச்சத வெளிய விடாது."

"இரும்பு தண்ணீர் குடிக்காது, அம்மா. மண்சட்டிதான் குடிக்கும்."

பருப்பு களைந்துகொண்டிருந்த வேலம்மாள் தலை நிமிராமலே சொன்னார்: "கேட்டுக்கோ மதினி. படிச்சவுக சொல்லுதாக. இரும்புக்குத் தாகம் எடுக்காதாம்."

"ஏட்டி, சும்மா கெட" என்று இசக்கியம்மாள் அதட்டினார். ஆனால் அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

"வேற சட்டி வாங்கிக்கொள்ளலாமே" என்றேன்.

"இருவது வருசமா என் கைக்குப் பழகுன சட்டி சார். எந்த மூலையில தீ எவ்வளவு ஏறும்னு எனக்குத் தெரியும். புதுச் சட்டியில எனக்கே பயமா இருக்கும்." பிறகு சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சரி, சர்க்காரு சொல்லுது. கழுவுதேன்."

இரு இரும்புத் தகடுகளுக்கு நடுவே சிக்கிய நீர், எண்ணெயின் சூடு ஏறும்போது என்னவாகும் என்பது எனக்குப் பாடமாகச் சொல்லித் தரப்பட்ட செய்தி. நீராவி எவ்வளவு இடம் கேட்கும் என்பதைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஒரு பெண் அதையே தன் மொழியில் சொன்னபோது எனக்குப் பிடிபடவில்லை.

அவர் கழுவினார். சோடாவும் வெந்நீரும் இருபது ஆண்டுக் கரியை ஒரு வாரத்தில் கரைத்துவிட்டன. சட்டி வெள்ளி போல மின்னியது. டாக்டரின் கைக்குட்டை வெள்ளையாகவே திரும்பியது. "நன்றி அம்மா" என்றார். நாங்கள் வாசல் இறங்கும்போது வேலம்மாள் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏன் சார், தெனமும் இம்புட்டுக் கைக்குட்டைய யாரு துவைக்கா? உங்க வீட்டு அம்மாவா, டாக்டரு வீட்டு அம்மாவா?" டாக்டர் திரும்பி, மிகவும் நிதானமாக, "நானேதான் துவைக்கிறேன்" என்றார். அது உண்மை.

சாரல் காலத்தில் குற்றாலத்தில் துணி காய்வதில்லை. கொடியில் மூன்று நாள் கிடந்தாலும் ஈரம் சொட்டும். 'உலர்ந்த துணியால் துடைத்து' என்று நான் எழுதியது தென்காசியில் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து. அவர்கள் துடைத்தது ஈரத் துணியால்தான். வெறுஞ்சட்டியைக் காய்ச்சியிருந்தால் அந்த ஈரமும் போயிருக்கும்; ஒட்டுக்குள் புகுந்த நீரும் மெல்ல வெளியேறியிருக்கும். ஆனால் அந்த வீடுகளில் எவரும் அந்தச் சாரல் முழுவதும் சட்டியை வெறுமையாகக் காய்ச்சவில்லை. அதை நான் விபத்திற்குப் பின்னரே அறிந்தேன்.

விபத்து நடந்த கணத்தில் நான் அடுத்த வீட்டு அடுப்படியில் குறிப்பேட்டுடன் நின்றிருந்தேன். சத்தம் பெரிதாக இல்லை. கதவைச் சாத்தியது போல ஒரு சத்தம். அதன் பின்தான் அலறல். நாங்கள் ஓடிச்சென்றபோது சுவரிலும் கூரையின் அடிப்புறத்திலும் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. சட்டி அடுப்பின்மேல் அசையாமல் இருந்தது. டாக்டர் தன்னிடமிருந்த கைக்குட்டைகள் எல்லாவற்றையும் தண்ணீரில் நனைத்து இசக்கியம்மாளின் கையின்மேல் வைத்தார். வண்டியில் அவர் தலையருகே அமர்ந்து தென்காசிவரை குடையைப் பிடித்துக்கொண்டு வந்தவரும் அவரே.

மாலையில் மருத்துவமனைக்குச் சென்றேன். வேலம்மாள் வெளியே நின்றிருந்தார். அன்று அவரிடம் கேலி இல்லை.

"கழுவிய சட்டியைச் சூடு காட்டாமலா எண்ணெய் ஊற்றினீர்கள்?" என்று கேட்டேன்.

"சூடு காட்டுனா வெளக்குன இரும்பு நீலம் பூத்துக் கருக்குமே சார். கருத்தா கைக்குட்டையில படும். பட்டா எழுதுவீக. நீங்க ஒருக்க வந்துட்டுப் போயி பத்து நிமிசத்துல திரும்பி வாரதும் உண்டு. அதுனால இங்கன யாருமே காய வைக்கதில்ல. கவுத்து வச்ச சட்டிய அப்படியே காட்டிட்டு, அப்படியே எண்ணெய ஊத்துதோம். மதினி முந்தாநேத்துக்கூடச் சொன்னாக, இந்தச் சட்டி உள்ளுக்குள்ள என்னமோ முணுமுணுங்குதுன்னு."

உள்ளே சென்றேன். இசக்கியம்மாளின் இரு கண்களும் கட்டப்பட்டிருந்தன. நான் வந்திருப்பதை வேலம்மாள் சொன்னதும் அவர் பேசினார்.

"சார், இந்தச் சட்டி வெவகாரத்துக்கு ஏதாச்சும் எழுதுவீகள்லா?"

"எழுத வேண்டியிருக்கும் அம்மா."

"என்ன வேணும்னாலும் எழுதுங்க. எனக்குக் கவனம் பத்தாதுன்னு மட்டும் எழுதிராதீக. கை போனாலும் பரவாயில்ல, இடது கை இருக்கு. கவனமில்லாதவன்னு பேரு வந்துட்டா எந்த வீட்டு அடுப்புகிட்டயும் என்னச் சேக்க மாட்டாக. வேற தொழில் எனக்குத் தெரியாது."

நான் தலையசைத்தேன். அவரால் அதைப் பார்க்க முடியாதென்பது அக்கணம் எனக்கு உறைக்கவில்லை. வேலம்மாள்தான் சொன்னார்: "சரிங்காக மதினி. தலைய ஆட்டுதாக."

மறுநாள் காலை அறிக்கையின் முதல் வரைவை எழுதினேன். காரணம் என்ற கட்டம் போதாமல் பின்பக்கத்திலும் தொடர்ந்தேன். ஒட்டு, சோடா, ஈரத் துணி, கைக்குட்டைச் சோதனையின் அச்சத்தால் சட்டியைக் காய்ச்சாமை, அறிவிப்பில் நான் நீக்கிய வரி, அவர் முன்னரே எச்சரித்தது எல்லாவற்றையும் எழுதினேன். டாக்டர் இருமுறை படித்தார்.

"இதில் எல்லாம் உண்மைதானா?"

"ஆம்."

"எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது." தாள்களை மேசையில் நேராக வைத்தார். "இது வெளியே தெரிந்தால் நாளை முதல் ஒருவரும் சட்டியைக் கழுவமாட்டார்கள். அரசாங்கம் சொன்னதைக் கேட்டால் எண்ணெய் வெடிக்கும் என்பார்கள். சென்ற ஆண்டு படுத்தவர்களை நீங்களும் பார்த்தீர்கள். நான் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. நான் வெளியே சென்றுவிட்டு வருகிறேன். நீங்கள் வைத்திருப்பதில் கையொப்பமிடுகிறேன்."

அவர் திரும்பி வர அரைமணி நேரம் ஆயிற்று. அதற்குள் நான் மூன்று சொற்களை எழுதியிருந்தேன். அவர் கையொப்பமிட்டார். அவர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதை இங்கே பதிவு செய்வது என் கடமை. மறுவாரமே, அறிக்கையில் எதுவும் சொல்லாமல், வெறுஞ்சட்டியைக் காய்ச்ச வேண்டும் என்ற வரியைச் சேர்த்து அட்டையை மீண்டும் அச்சிட்டோம். ஒட்டுப் போட்ட சட்டிகளைத் தடை செய்தோம். கைக்குட்டைச் சோதனையை டாக்டர் தாமாகவே நிறுத்திக்கொண்டார். அதன்பின் அப்படியொரு விபத்து எங்கள் எல்லையில் நிகழவில்லை. இளைய நண்பர்கள் இதை வெற்றி என்று கருதக்கூடும்.

அடுத்த ஆண்டு இசக்கியம்மாளின் அனுமதி விண்ணப்பம், முந்தைய அறிக்கையைக் காரணம் காட்டி மறுக்கப்பட்டது. அது என் மேசை வழியாகவே சென்றது.

அறிக்கை எழுதிய அன்று மதியம் வீட்டில் என் மனைவி வடிவு உணவு பரிமாறிக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் நடந்ததை முந்தைய மாலையே அவளிடம் சொல்லியிருந்தேன்.

"அந்த அக்கா கேட்டபடியே எழுதுனீகளா?" என்றாள்.

"எழுத முடியாத நிலைமை."

மோர் ஊற்றினாள். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் முறுக்கு சுடவில்லை, கொழுக்கட்டை அவித்தாள். அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. எண்ணெய்ச்சட்டி எங்கள் வீட்டு அடுப்பில் அதன்பின் ஏறவில்லை. வந்தவர்கள் கேட்டால் எனக்கு எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கொள்ளாது என்பாள். நானும் அதை மறுத்ததில்லை.

1966இல் கேரள எல்லைச் சாலை உணவுக்கடைகளைப் பார்வையிடப் புளியறைக்குச் சென்றேன். சோதனைச் சாவடியை அடுத்து லாரிக்காரர்கள் உண்ணும் கடையொன்றின் பின்கட்டில் ஒரு பெண் இடது கையால் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். வலக்கையின் விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிச் சுருண்டிருந்தன. அவர்தான் முதலில் பேசினார்.

"என்ன சார், தனியா வந்திருக்கீக. டாக்டரு கைக்குட்டையோட வரலியா?"

"அவர் மாற்றலாகிப் போய்விட்டார் அம்மா."

"நல்ல மனுசன். வண்டியில குடை பிடிச்சிட்டே வந்தாகன்னு வேலு சொன்னா." ஒரு தட்டைக் கழுவி வைத்தார். "இங்கன சட்டி சுத்தம் சார். நான்தான் கழுவுதேன். காய வச்சுத்தான் ஊத்துதாங்களான்னு நின்னு பாத்துட்டுத்தான் இந்தப் பக்கம் வாரேன். ஆனா கரண்டியக் கையில தர மாட்டாங்க. எனக்குக் கவனம் பத்தாதாம்."

"அம்மா, அந்த அறிக்கையில்..." என்று தொடங்கினேன்.

"தெரியும் சார். நீங்க தலைய ஆட்டுனத வேலு சொன்னா. எழுதுனது என்னன்னு அடுத்த வருசம் சீட்டுக் கேக்கப் போனப்ப ஆபீசுல சொன்னாக." அவர் என்னைச் சினந்து பார்க்கவில்லை. "ஆட்டுனது தலை. எழுதுனது கை. போங்க, முன்னால போயி உக்காருங்க, சூடா டீ போடச் சொல்லுதேன்."

நான் டீ குடித்தேன். கடை சுத்தமாக இருப்பதாகக் குறித்துக்கொண்டு கிளம்பினேன். பேச வேண்டியதைப் பேசுவதற்கு இன்னொரு நாள் வரலாம் என்று பேருந்தில் எண்ணிக்கொண்டேன். அதன்பின் எனக்கு வேறு மாவட்டத்திற்கு மாற்றல் வந்தது.

வடிவு சென்ற மார்கழியில் காலமானாள். சடங்குகள் முடிந்தபின், அடுப்படிப் பரணிலிருந்து சாமான்களை இறக்கியபோது, பழைய சேலைத் துணியில் சுற்றிய ஓர் இரும்புச் சட்டி இருந்தது. எங்கள் திருமணத்திற்கு அவள் பிறந்த வீட்டில் கொடுத்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அடுப்பேறாத சட்டியில் ஒரு புள்ளி துரு இல்லை. உட்புறம் கறுப்பாக, வழவழப்பாக இருந்தது. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அதுவா? மாசத்துக்கு ஒருக்க ஆச்சி எறக்குவாக. கழுவி, துடைச்சு, வெறுஞ்சட்டியா அடுப்புல வச்சுக் காய வைப்பாக. சூடு ஆறுனதும் நல்லெண்ணெ தடவி, சுத்தி மேல வச்சிருவாக. எதுல சுடப் போறீக ஆச்சின்னு கேட்டா, ஒண்ணும் சுடல, சட்டி கெட்டுறக் கூடாதுல்லாம்பாக. நீங்க வெளிய போயிருக்குதப்பதான் செய்வாக."

எதற்காக அவள் அப்படிச் செய்தாள் என்பது எனக்குத் தெரியாது. கேட்பதற்கு எனக்கு நிறையக் காலம் இருந்தது.

கையேட்டுக்கு இவ்வளவும் பயன்படாது என்பதை அறிவேன். பயன்படும் பகுதியை இளைய நண்பர்கள் எடுத்துக்கொள்ளட்டும். மின்சாரப் பொரிப்பானின் உட்கலத்திலும் இடுக்குகள் இருக்கும். அங்கே நீர் தங்கும். அதைக் கழுவுகிற பெண் ஏதாவது சொன்னால், எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

நான் இன்னும் செய்யாதவை:

1. அறிக்கையின் காரணத்தைத் திருத்தக் கோரி அலுவலகத்திற்கு எழுதிய கடிதத்தை அனுப்புவது. நான்கு மாதமாக உறையில் இருக்கிறது.

2. புளியறைக்குச் சென்று இசக்கியம்மாள் இருக்கிறாரா என்று விசாரிப்பது. இருந்தால் அவருக்கு எழுபது வயது நெருங்கும்.

3. அவர் இல்லையென்றால், வேலம்மாளைத் தேடி அந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டுவது.

4. வடிவின் சட்டிக்கு இம்மாதம் எண்ணெய் தடவுவது. தடவ வேண்டிய நாள் போய்ப் பதினொரு நாள் கடந்துவிட்டது. விளிம்பில், கைப்பிடியை ஒட்டிய இடத்தில், துரு தொடங்கியிருக்கிறது.